நெல்லை வெயிலில் கேம் ஆர்கெஸ்ட்ரா தட்டுகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

வீடியோ கேம் இசையின் சேகரிப்புப் பதிப்புகள் இப்போது மூன்று வடிவங்களில் கிடைக்கின்றன: 12 அங்குல வினைல் தட்டு, ஐந்தாறு சிடிகளை அடுக்கிய பெட்டி, ப்ளூ-ரே. பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ இருந்துகொண்டு ஆர்கெஸ்ட்ரா இசைக்காக இவற்றை வாங்குகிறவர்களுக்கு எங்கள் தீர்ப்பு இதுதான்: முதலில் சிடி. வினைல் வாங்குவதானால் மூன்று நிபந்தனைகள். ஒரு பக்கத்தில் 18 நிமிடத்துக்கு மேல் இசை இருக்கக் கூடாது. படம் பதித்த பிக்சர் டிஸ்க்காக இருக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் பார்சல் வழியில் கிடக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் வினைலைப் போல ஆசையாகக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் வேறு கிடையாது.

சிடியை முன்னால் வைப்பதற்குக் காரணம் இந்த இசையின் குணம். ராக் இசையும் எலெக்ட்ரானிக் இசையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே சத்தத்தில் ஓடும். தட்டின் சரசரப்பு அதற்குள் மறைந்துவிடும். ஆர்கெஸ்ட்ராவில் ஒரு தனிச் செல்லோ மூச்சுவிடுகிற அளவில் தொடங்கும்; சில நிமிடங்களில் பித்தளைக் கருவிகளும் பெருமுரசும் சேர்ந்து அறையை நிறைக்கும். அந்த மெல்லிய தொடக்கத்தில் ஒரே ஒரு தூசி 'டிக்' என்றாலும் காதில் விழும். சிடியின் 16 பிட் பதிவு ஏட்டளவில் 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். நன்றாக அழுத்திய வினைல் தட்டு 60 முதல் 70 டெசிபல் வரை தாங்கும். கோயில் கொடைக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் இந்த வித்தியாசம் தெரியாது. ஊர் அடங்கிய பிறகு ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டால் தெளிவாகத் தெரியும். நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூணைத் தட்டும்போது ஸ்வரம் எழுவதை விட அது கல்லுக்குள் அடங்குவதைத்தான் காது தேடிப் போகும். ஆர்கெஸ்ட்ரா பதிவையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும்: வயலின்கள் வில்லை எடுத்த பிறகு மண்டபத்தின் ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது, அது நிற்கும்போது கூடவே என்ன கேட்கிறது என்று.

தட்டின் உள்வட்டம்

வினைலில் எது கெட்டுப்போகிறது, ஏன் கெட்டுப்போகிறது என்பது தெரிந்துவிட்டால் கடைக்காரர் எழுதும் 'டீலக்ஸ்', 'லிமிடெட்' எதுவும் கண்ணை மறைக்காது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும் தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில், இசை பதிந்த பள்ளம் நொடிக்கு சுமார் 51 செ.மீ. நகர்கிறது. உள்வட்டத்துக்கு வந்ததும் அது 21 செ.மீ. ஆகிவிடுகிறது. அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணிக்க வேண்டியிருக்கிறது. அதனால் டிரம்பெட்டின் உச்ச ஸ்தாயியும் பாடகியின் 'ஸ' ஒலியும் அங்கே கரகரக்கும்.

மற்ற இசையை விடக் கேம் இசைக்கு இது பெரிய சோதனை. கதை போகும் வரிசையிலேயே பாட்டுகளை அடுக்குவதால், இறுதிப் போரும் முழுக் குழுப்பாடலும் பெரும்பாலும் ஒரு பக்கத்தின் கடைசியில்தான் வந்து விழும். ஆக உரத்த இசை ஆக நெருக்கடியான இடத்தில். 22 நிமிடம் ஏற்றிய பக்கத்தில் பள்ளங்கள் உள்விளிம்பு வரை போயாக வேண்டும். இடம் போதாததால் ஒலி அளவையும் குறைத்துத்தான் வெட்டுவார்கள். அளவு குறைந்தால் நாம் ஆம்பிளிஃபயரைத் திருகி ஏற்றுவோம். கூடவே சரசரப்பும் ஏறும்.

ஆகவே வாங்குமுன் ஒரு வகுத்தல் கணக்கு போதும். மொத்த நிமிடத்தைத் தட்டுகளின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 80 நிமிட இசை 2 தட்டில் வந்தால் பக்கத்துக்கு 20. அதையே 3 தட்டில் தந்தால் 13 சொச்சம். பின்னதற்கு விலை கூடும், ஆனால் கூடுதல் பணம் ஒலிக்குப் போகிறது. '180 கிராம்' என்ற முத்திரைக்குத் தரும் பணம் அப்படிப் போவதில்லை. பள்ளத்தின் ஆழம் 140 கிராம் தட்டிலும் அதேதான்; கனமான தட்டு கையில் கெட்டியாக இருக்கும், அவ்வளவே. பிக்சர் டிஸ்க்கில் படத்தாளின் மேல் ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் பள்ளம் விழுகிறது. அதன் இரைச்சல் எப்போதும் கூடுதல். சுவரில் மாட்ட அழகு, கேட்க வேண்டாம்.

வெளியீடுகள்

வினைலில் மனதார வாங்கச் சொல்லக்கூடியது ஜர்னி. 2012-இல் வந்த கேம். இசை ஆஸ்டின் வின்டோரி. மாசிடோனிய வானொலி சிம்பொனி இசைக்குழு வாசித்தது. பயணியின் குரலாக நடந்து வரும் செல்லோ டீனா குவோவுடையது. சிறந்த திரையிசைத் தொகுப்புக்கான கிராமிப் பட்டியலில் திரைப்படங்களுக்கு நடுவே இடம்பிடித்த முதல் கேம் இசை இதுதான். மொத்தம் 18 பகுதிகள், ஏறக்குறைய 58 நிமிடம். ஐயாம்எய்ட்பிட் நிறுவனம் 2 தட்டுகளில் வெளியிட்டதால் பக்கத்துக்கு 15 நிமிடத்துக்கும் குறைவு. உள்வட்டம் காலியாகவே கிடக்கும். அப்படியும் கடைசிப் பாட்டைக் கவனித்துக் கேட்க வேண்டும். தொகுப்பில் சொற்களோடு வரும் பாட்டு அது ஒன்றுதான். லிஸ்பெத் ஸ்காட் பல மொழிகளில் பாடுவது நான்காம் பக்கத்தின் முடிவில் வருகிறது. அங்கே 'ஸ' ஒலி சுத்தமாக வந்தால் உங்கள் ஊசியும் அதன் பொருத்தமும் சரி என்று அர்த்தம். வேறு சோதனைத் தட்டு தேவையில்லை. இதில் எப்போதும் கறுப்புத் தட்டையோ ஒற்றை நிறத் தட்டையோ தேர்ந்தெடுங்கள்.

ஸ்கைரிம் கேமின் இசை நேர் எதிர். 2011-இல் வந்த 4 சிடி தொகுப்பு, ஜெரமி சோலின் இசை, மூன்றரை மணி நேரம். இவ்வளவையும் 4 வினைல் தட்டில் ஏற்றினால் பக்கத்துக்கு 26 நிமிடம் ஆகும். கடைசி சிடியில் காற்றும் மழையும் கலந்த சூழல் ஒலி மட்டும் 42 நிமிடம் இடைவிடாமல் ஓடுகிறது. அதை ஒரு பக்கத்தில் அடக்கவே முடியாது. சிடியில் அது முறியாமல் ஓடும். ஆகவே சிடி.

இந்தத் தொகுப்பில் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஆர்கெஸ்ட்ராவைப் போல ஒலிக்கும் பெரும்பகுதி கணினியில் சாம்பிள்களை, அதாவது முன்பே பதிந்து வைத்த கருவி ஒலித் துண்டுகளை, கோத்துச் செய்தது. மனிதக் குரல் மட்டும் உண்மை: 30-க்கும் மேற்பட்ட பாடகர்களை மூன்று முறை பாடவைத்து அடுக்கி, 90 பேர் பாடுவது போலச் செய்தார்கள். பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் நான்கு குரலில் பாடிப் பழகியவர்கள் ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த அடுக்கு பிடிபடும். ஒரே குழு மூன்று தடவை மூச்செடுப்பது போல ஒரு நெருக்கம் அதில் இருக்கிறது. சாம்பிள் என்பதால் இசை தாழ்ந்ததென்று சொல்ல வரவில்லை. ஆனால் 'ஆர்கெஸ்ட்ரா' என்ற சொல்லை நம்பி விலை கொடுக்கிறவர் எதற்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கச் சுருக்கமான வழி, சிறுபுத்தகத்தின் கடைசிப் பக்கம். இசைக்குழுவின் பெயர், நடத்துநர், பதிவான மண்டபம் மூன்றும் அச்சாகியிருந்தால் உயிருள்ள மனிதர்கள் வாசித்தது. இசையமைப்பாளர் பெயர் மட்டும் நின்றால் பெரும்பாலும் கணினி. பிளட்போர்ன் கேமுக்கு 65 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவும் 32 பேர் கொண்ட பாடகர் குழுவும் வாசித்துப் பாடியிருக்கிறார்கள். எல்டன் ரிங் கேமுக்கு புடாபெஸ்ட் ஃபிலிம் ஆர்கெஸ்ட்ரா. புடாபெஸ்ட் தமிழ்க் காதுக்கு அன்னியமில்லை. 2005-இல் இளையராஜாவின் திருவாசகத்துக்கு வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. அந்தச் சிடியை வீட்டில் வைத்திருப்பவர்கள் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: தந்திக் கருவிகள் ஒரே திண்டாக ஒலிக்கின்றனவா, பலர் கூடி வாசிக்கும் நுண்ணிய பிசிறு கேட்கிறதா என்று.

இசை என்ற முறையில் எங்கள் மனதில் முதலிடம் ஃபைனல் சிம்பொனிக்கு. ஃபைனல் ஃபேன்டசி 6, 7, 10 மூன்றின் இசையையும் எடுத்து, கேமில் இருந்தபடி வாசிக்காமல், முழு நீளச் செவ்வியல் ஆக்கங்களாகவே மாற்றியிருக்கிறார்கள். ஆறாவது ஒரு சிம்பொனிக் கவிதை (கதையை இசையாலேயே சொல்லும் ஆக்கம்), ஏற்பாடு ரோஜர் வனாமோ. பத்தாவது மூன்று அசைவுகள் (பகுதிகள்) கொண்ட, பியானோ முன்னிற்கும் கான்செர்ட்டோ, மசாஷி ஹமாவுசு. பியானோ கத்தரீனா ட்ராய்ட்லர். ஏழாவது மூன்று அசைவுச் சிம்பொனி, யொன்னே வால்டொனென். 2013-இல் ஜெர்மனியின் வுப்பர்டாலில் முதல் முறையாக அரங்கேறியது. லண்டன் சிம்பொனி இசைக்குழு எக்கெஹார்ட் ஷ்டியர் நடத்த அபே ரோடு ஸ்டுடியோவில் வாசித்த பதிவு 2015-இல் வந்தது. ஒரு அசைவு பத்து நிமிடத்தைத் தாண்டிப் போகும் இடங்களில் பக்கம் திருப்ப எழுந்து போவது இசையை முறிக்கும். உயர்தர டிஜிட்டல் பதிப்போ ப்ளூ-ரேயோதான் இதற்குப் பொருத்தம். பியானோ நீண்டு ஒலிக்கும் இடங்களில் வினைல் தட்டின் துளை இம்மியளவு நடு விலகினாலும் சுருதி ஆடும். அந்த ஆட்டத்தை முதலில் காட்டிக்கொடுக்கும் கருவி பியானோ.

செல்டா கேம் தொடரில் எதை வாங்குவது என்று குழம்புகிறவர்கள் அதிகம். ப்ரெத் ஆஃப் தி வைல்டின் தொகுப்பு 2018-இல் ஜப்பானில் வந்தது. 5 சிடி, 211 பகுதிகள். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பெட்டி திறக்கும் ஒலி, சமையல் பாட்டு, சில நொடித் துணுக்குகள் எல்லாம் அதில் தனித்தனிப் பகுதிகள். கேமின் இசையும் பெரும்பாலும் பரந்த வெளியில் சிதறி விழும் பியானோதான். ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்பவர் ஏமாறுவார். கேமை நேசிப்பவர் ஏமாற மாட்டார். ஆர்கெஸ்ட்ரா வேண்டியவருக்கு 30-ஆம் ஆண்டுக் கச்சேரியின் பதிவு இருக்கிறது: டோக்கியோ ஃபில்ஹார்மோனிக் வாசித்த 2 சிடி, சிறப்புப் பதிப்பில் கூடவே ஒரு டிவிடி. அந்த டிவிடிக்காகக் கூடுதல் பணம் கொடுக்குமுன் யோசியுங்கள். டிவிடிகள் விற்கும் நாட்டுக்கேற்ப மண்டலம் பிரித்துப் பூட்டப்படுகின்றன: ஜப்பானின் மண்டலம் 2, இந்தியாவினுடையது 5. எல்லா மண்டலமும் ஓட்டும் பிளேயர் இல்லையென்றால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ப்ளூ-ரேயிலும் இதே சிக்கல்: ஜப்பான் ஏ, நாம் சி. உறையின் பின்புறம் மண்டலக் குறியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக், 2020, 7 சிடி. பெட்டியின் கட்டுமானம் நன்று. போர் இசை ஆர்கெஸ்ட்ரா, கடைத்தெரு இசை வேறு வேறு பாணி என்று கலந்து வருவதால் ஒரே மூச்சில் கேட்கும் தொகுப்பு அல்ல.

முதல் முறையாக வாங்குகிறவருக்கு எங்கள் பரிந்துரை டிராகன் குவெஸ்ட் சிம்பொனிக் சூட் வரிசை (சூட் என்பது ஒரு கேமின் இசையை ஆர்கெஸ்ட்ராவுக்காகக் கோத்த தொகுப்பு). கோயிச்சி சுகியாமா 1986-இல் முதல் கேம் வந்த காலத்திலிருந்தே தம் இசையை அரங்கத்துக்கு எழுதித் தந்தவர், 2021-இல் மறைந்தார். லண்டன் ஃபில்ஹார்மோனிக், டோக்கியோ மெட்ரோபாலிட்டன் சிம்பொனி என்று இரண்டு குழுக்களின் பதிவுகள் கிடைக்கின்றன. ஒரு கேமுக்கு ஒரு சூட் என்பதால் பெட்டி கிடையாது. செலவும் சுமையும் குறைவு. எட்டாம் பகுதியின் சூட்டை முதலில் வாங்கலாம். நியர் தொடருக்கு 2018-இல் வந்த ஆர்கெஸ்ட்ரா ஏற்பாட்டுச் சிடிகளையும் இதே வகையில் சேர்க்கலாம்; குரல்கள் முன்னால் நிற்கும் இசை அது.

ஃபைனல் ஃபேன்டசி 14-இன் இசை ப்ளூ-ரேயில் வருகிறது. இசையோடு கேம் காட்சிகளும் எம்பி3 கோப்புகளும் அதே தட்டில் இருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகள் ஒரே தட்டில் அடங்குவது பெரிய வசதி. பிளேஸ்டேஷன் 4, தட்டு போடும் பிளேஸ்டேஷன் 5 இரண்டும் ப்ளூ-ரேயை ஓட்டும், ஆனால் இசைச் சிடியை ஓட்டாது. சிடி வாங்கிய பிறகு இதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்று வாங்கி, பிழை சரிபார்க்கும் மென்பொருளால் தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்வதுதான் சுலபம்.

வாங்கும் வழி

நெல்லை ஜங்ஷன் பக்கத்துக் கடைகளில் இவை கிடைக்காது. எல்லாமே வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். வினைலுக்கு ஐயாம்எய்ட்பிட், லேஸ்டு ரெக்கார்ட்ஸ், ஜெர்மனியின் பிளாக் ஸ்கிரீன் ரெக்கார்ட்ஸ். சிடிக்கு ஜப்பானிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிடிஜப்பான் போன்ற கடைகள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் இயக்கி வைக்க வேண்டும். அந்நியச் செலாவணிக் கட்டணம் பல அட்டைகளில் 3 சதவீதத்துக்கு மேல். கூரியரில் வந்தால் ஆதாரோ பானோ கேட்பார்கள். சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்து வரும் என்பதால் பொருளின் விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஆர்டர் போடுவது நல்லது. ஒவ்வொரு தட்டாக வரவழைப்பதை விட மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக எடுத்தால் அனுப்பும் செலவு கணிசமாகக் குறையும். சிடிப் பெட்டிகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

ஜப்பானியச் சிடியில் போலியைக் கண்டுபிடிக்கப் பட்டியல் எண் உதவும். ஸ்குவேர் எனிக்ஸின் சிடிகள் எஸ்-க்யூ-இ-எக்ஸ் என்றும், நிப்பான் கொலம்பியாவினுடையவை சி-ஓ-சி-எக்ஸ் என்றும், கிங் ரெக்கார்ட்ஸின் செவ்வியல் வெளியீடுகள் கே-ஐ-சி-சி என்றும் தொடங்கும். முதுகில் சுற்றிய ஓபி காகிதப்பட்டை, பின்புறம் யென்னில் விலை, தட்டின் உள்வளையத்தில் பொடி எழுத்தில் ஐஎஃப்பிஐ (பன்னாட்டு இசைப்பதிவுத் துறைக் கூட்டமைப்பு) குறியீடு மூன்றையும் விற்பவரிடம் படமாகக் கேளுங்கள். ஓபி பட்டை கிழியாமல் இருந்தால் மறுவிலையும் நிற்கும். வினைலில் 'எண்ணிட்ட பதிப்பு' என்பதற்காக மட்டும் மறுவிற்பனைக்காரரிடம் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டாம். விற்றுத் தீர்ந்தவை வேறு நிறத்தில் மறுபடி அழுத்தப்பட்டு வருவது இந்தத் துறையில் வாடிக்கை.

காலத்தையும் பார்க்க வேண்டும். வினைல் தட்டின் பிவிசி 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்குகிறது. மே மாத வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். முன்பதிவுப் பொருட்கள் சொன்ன மாதத்தில் வருவதும் அரிது. அனுப்பும் நிலைக்கு வந்ததும் மின்னஞ்சல் எழுதி, மார்கழி தை பக்கம் அனுப்பும்படி கேட்டுப் பாருங்கள். அதே கடிதத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: தட்டுகளை அட்டை உறைக்கு வெளியே எடுத்து, பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உறைக்குள்ளேயே இருந்தால் பெட்டி ஒரு முறை கீழே விழும்போது தட்டின் விளிம்பு கத்தி போல உறையின் அடித்தையலைக் கிழித்துவிடும். தபாலில் வந்தால் அலுவலகத்துக்கே போய் வாங்கிக்கொள்வதாகத் தபால்கார அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். வாசல் திண்ணையில் பிற்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் போதும், தட்டு கிண்ணம் போல வளைந்துவிடும்.

பார்சல் வந்ததும்

பெட்டியை உடனே திறக்காமல் அறையில் மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள். திறப்பதை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்; மாற்றுத் தட்டு கேட்க அதுதான் ஆதாரம். பிறகு தட்டைச் சுழலவிட்டுப் பக்கவாட்டிலிருந்து கண் மட்டத்தில் பார்க்க வேண்டும். விளிம்பு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்கினால் ஊசி சமாளிக்கும். அதற்கு மேல் என்றால் திருப்பி அனுப்புவதே மேல். மேலிருந்து பார்க்கும்போது ஊசிக்கை இடவலமாக ஊசலாடினால் துளை நடுவில் இல்லை. ஒரு பக்கக் காதில் மட்டும் ஜிப்பைத் திறப்பது போலத் தொடர்ந்து கிழியும் ஒலி வந்தால், அழுத்தும்போது பள்ளத்துக்குள் பிளாஸ்டிக் சரியாக நிரம்பவில்லை. கழுவினாலும் போகாது, திருப்பி அனுப்ப வேண்டியதுதான். வளைந்த தட்டை மொட்டைமாடி வெயிலில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து நிமிர்த்துவதாகச் சிலர் சொல்கிறார்கள். வளைவு நிமிர்ந்தாலும் பள்ளத்தின் சுவர் இளகிவிடும். செய்ய வேண்டாம்.

புதுத் தட்டிலும் தொழிற்சாலைத் தூசி இருக்கும். 800 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 200 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிழலில் நிற்கவைத்து உலர்த்துங்கள். போர் தண்ணீர் வேண்டாம். உலர்ந்ததும் அதன் உப்பு பள்ளத்தில் படிந்து நிரந்தரச் சரசரப்பாகிவிடும். தாத்தா காலத்துக் கிராமபோன் தட்டுகள் வீட்டில் இருந்தால் இந்தக் கலவை அவற்றின் அருகே போகக் கூடாது. அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் கரையும்.

ஊசியைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். சூட்கேஸ் வடிவில் மலிவாக வரும் பிளேயர்கள் 5 கிராம் அளவுக்குக்கூட அழுத்தும். ஆர்கெஸ்ட்ராவின் மெல்லிய பள்ளத்தை அது சில முறையிலேயே தேய்த்துவிடும். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ போன்ற கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பாகம்) 2 கிராம் போதும். அதே உடலில் மைக்ரோலைன் முனை ஊசியை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். உள்வட்டக் கரகரப்பு குறைய அதை விடப் பயனுள்ள செலவு இல்லை.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஓர் ஒலி வந்தால் டர்ன்டேபிளைக் குறை சொல்லாதீர்கள். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தரும் சதுர அலை மின்சாரம் ஃபோனோ ஆம்பில் (ஊசியின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் கருவி) அப்படித்தான் ஒலிக்கும். தூய சைன் அலை இன்வெர்ட்டரில் அது வராது. தலைக்கு மேல் ஓடும் ஃபேனும் தூசியைத் தட்டின் மேல்தான் இறக்கும். கேட்கும் நேரத்துக்கு நிறுத்தி வைப்பது, முடியாவிட்டால் மூடியை இறக்கி வைப்பது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்கு ஜன்னல் திறந்த அறையில் வினைல் கேட்கவே வேண்டாம். அந்த மாதங்கள் சிடிக்கு உரியவை.

பீரோவும் சாரலும்

தட்டுகளைப் புத்தகம் போல நிற்கவைக்க வேண்டும். படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டு வளையும். வினைல் உறைக்கு 32 செ.மீ. உயரமும் ஆழமும் கொண்ட அலமாரி அடுக்கு போதும். இரும்பு பீரோ பரவாயில்லை, ஆனால் மேற்கு வெயில் படும் சுவரில் சாய்த்து வைத்த பீரோ மாலையில் அடுப்பு மாதிரி இருக்கும். பரணும் கான்கிரீட் கூரைக்கு அடியிலுள்ள மேல் அலமாரியும் அப்படித்தான். வீட்டின் நடு அறையில், உள்சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்தில் வைப்பதே நல்ல இடம். தாமிரபரணிக் கரையோரம் இருப்பவர்கள் அலமாரியின் கீழ் அடுக்கைக் காலியாகவே விட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று தெருவில் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கோட்டுக்கு மேலேதான் தட்டுகள் வைக்கும் முதல் அடுக்கு.

தென்காசி, குற்றாலம், அம்பாசமுத்திரம் பக்கம் இருப்பவர்களுக்கு வெயிலை விடச் சாரல்தான் பகை. ஈரத்தில் அட்டை உறை பூசணம் பிடிக்கும், சிடிச் சிறுபுத்தகத்தின் வழவழத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் மேலுறையின் வாயை ஒட்டி மூடிவிடாதீர்கள். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியிருக்க வேண்டும். அலமாரித் தட்டுக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை. நிறம் மாறியதும் அடுப்பில் மெதுவாகச் சூடாக்கி ஈரத்தை விரட்டித் திரும்ப வைக்கலாம்.

பசையையும் தாளையும் தின்ன ராமபாணப் பூச்சி வரும். அதற்காகத் துணி பீரோவில் போடுவது போல அந்துருண்டை போட்டுவிடாதீர்கள். நாப்தலீன் ஆவி சிடிப் பெட்டியின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கி மங்கவைக்கும். உருண்டை நேராகப் பட்ட இடத்தில் பெட்டி குழைந்தே போகும். வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம், மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து அலமாரியைத் துடைக்கலாம். எடுக்கும்போது செல்டா தொகுப்பின் முதல் பதிப்பில் சட்டையில் குத்திக்கொள்ளும் பொத்தான் வடிவப் பாட்டுக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் பேட்டரி இருப்பதால் அதை மட்டும் பெட்டியிலிருந்து பிரித்து, சூடு படாத வேறு இடத்தில், நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும்.